மேய்க்கால் புறம்போக்கு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், பட்டா நிலங்களாக நெருங்கிக் கிடக்கும் நன்செய் புன்செய்களின் ஊடே ஏரி, வாய்க்கால், களம், வண்டிப்பாதை, சுடுகாடு, மந்தைவெளி, மேய்க்கால் என்று ஒருவர் பேரிலும் இல்லாத நிலங்கள் பரந்திருப்பதைக் காணலாம். இவையனைத்துக்கும் வருவாய்த்துறை வழங்கும் பொதுப்பெயர் புறம்போக்கு. உருப்படாதவன் என்று ஒருவனை ஏசுவதற்கும் அதே சொல்லைத்தான் எடுத்தாளுகிறோம். ஊருக்கெல்லாம் உரிய நிலத்தின் நாமம் வசையாகத் தாழ்ந்த சரித்திரம், அந்நிலம் ஊரின் கையைவிட்டு நழுவிய சரித்திரத்தோடு பிணைந்தது என்பது என் துணிபு.

புறம்பு என்பது வெளி. போக்குதல் என்பது நீக்குதல். தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக நீக்கிவைத்தது புறம்போக்கு. பயனற்றது என்னும் அர்த்தம் இச்சொல்லின் எந்த உறுப்பிலும் இல்லை. பயிர் ஏறாத நிலத்துக்குத் தரிசு என்ற பெயர் தனியே உண்டு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அதனையும் இருவகையாகப் பிரித்து எழுதும் கணக்கு, பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிய நிலத்தை மட்டுமே புறம்போக்கு என்கிறது. தெலுங்கரும் மலையாளிகளும் இச்சொல்லைத் தத்தம் உச்சரிப்பில் வழங்குகிறார்கள்.

இவ்வாறு ஒதுக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் புதிதாகக் கொண்டுவரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள், குடியிருப்பு நத்தத்தையும், குளத்தையும், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்காலையும், சுடுகாட்டையும் இறையிலி என்று கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே காணிக்கடன் கணக்கிடுகின்றன. சோழர் செப்பேடுகளில் மன்று என்பதை அடுத்துக் கன்றுமேய்பாழ் என்றொரு தொடர் வருகிறது. பாழ் என்று சொன்ன அவ்வாயே கன்று மேய்வது என்று அதன் பிரயோஜனத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்ட நுட்பம் வியக்கத்தக்கது. அதன் வழித்தோன்றலாகவே மேய்க்காலை நான் கொள்கிறேன்.

மேய்க்காலின் அருமை மல்லாட்டை என்னும் நிலக்கடலை நிற்கும் மாதங்களில் தெரியும். ஆடியில் மானாவாரியாக விதைத்தது காய்பிடித்துப் பிடுங்கி முடியும்வரை புன்செய்க்குள் மாடு கால்வைக்கலாகாது. நன்செயிலோ நெல் நிற்கும். காலையில் வீடுதோறும் அவிழ்த்துவிட்ட மாடுகள் மந்தைவெளியில் கூடி, வண்டிப்பாதை வழியே மேய்க்கால் சேர்ந்து, உச்சிவேளையில் ஏரியிலே நீர் பருகி, பொழுது சாய அதே தடத்தில் திரும்பும்; நாள் முழுதும் ஒருவருடைய பட்டா நிலத்தையும் அவை மிதிப்பதில்லை. ஏரியும் பாதையும் மந்தைவெளியும் தனித்தனித் துண்டுகளாகப் படத்தில் தோன்றினும், மாட்டின் காலுக்கு அவை ஒரே நிலம். தினவெடுத்த மாடு உராய்ந்துகொள்ள வெளியில் கல் நடுவதை ஆதீண்டு குற்றி என்று முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக வைத்து எண்ணிய நாடு இது.

ஆயினும் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி அடங்காதிருந்த காலத்தில், இந்தப் பொதுமையும் குறையுடையதாகவே இருந்தது. பின்னாளில் நிலமற்றோர்க்கு வீட்டுமனையாகப் போன புறம்போக்கை நான் இழப்பில் சேர்க்கமாட்டேன்.

1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார்க்கு உரியதென்று நிலைநாட்டப்படாத பாதைகளும் நீர்நிலைகளும் நிலங்களும் சர்க்காரின் சொத்து என்று விதித்தது. ஊருக்கு வழிவழியாக வந்த அனுபோகத்தைச் சட்டம் காத்ததேனும், உடைமை என்னும் கௌரவம் இடம்பெயர்ந்துவிட்டது. மேய்க்காலில் மாடு குறைந்து சீமைக்கருவேல் ஏறிய பிறகு, யாருக்கும் உரியதல்லாத இடம் என்ற எண்ணமும் எளிதில் வேரூன்றியது.

உலகின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமும் ஒரு மேய்க்கால்தான் என்பதை இவ்விடத்தில் நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் கடலோர மணல்மேட்டுப் புல்வெளிக்கு லிங்க்ஸ் என்று பெயர். மேடு என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லினின்று பிறந்தது அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அந்தப் புல்வெளியில் விளையாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் உறுதிசெய்தது. 1797இல் கடன்பட்ட நகரசபை அதனைக் கைவிட, நிலம் முயல் வளர்ப்போரிடம் சென்று நெடுநாள் வழக்காயிற்று. 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் துணைகொண்டு நகரம் அதனை மீட்டுக்கொண்டது. இன்றும் அங்குள்ள பழைய மைதானத்தில் பொதுவாக ஞாயிறன்று ஆட்டமில்லை. ஊரார் நாயும் குழந்தையுமாக உலவுகிறார்கள். லிங்க்ஸ் என்றால் அவர்களுக்குப் பெருமை.

சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தய வளையத்துக்குள் அமைந்த கோல்ஃப் மைதானத்தின் கதை வேறு. ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 1945இல் பந்தயக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாக, வருஷம் 614 ரூபாய்ச் சொச்சத்துக்கு விடப்பட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்தது. தலைநகரத்துப் பொதுநிலத்துக்கு இவ்வளவு வழக்கும் வாதமும் உண்டு. விக்கிரவாண்டிப் பக்கத்து மேய்க்காலுக்கு வாதாட யார் வருவார்?

சட்டம் வந்திருக்கிறது. 2011 ஜனவரி 28ஆம் நாள், ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராரின் பொதுப்பயனுக்கு மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையை எடுத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து பேச நினைப்பவர், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டைப் பார்க்கவேண்டும். எந்தப் புல எண்ணுக்கு நேரே மேய்க்கால் என்று எழுதியிருக்கிறது, அது எத்தனை ஹெக்டேர் என்பது அதில் இருக்கும்.