வரிச் சூரை

வரிச் சூரை (அறிவியல் பெயர்: கட்சுவோனஸ் பெலாமிஸ்) என்பது வெப்பக் கடல்களின் மேற்பரப்பை அண்டிப் பெருங்கூட்டமாக வாழும் ஒரு சிறிய சூரை மீன் இனம் ஆகும். 1758 இல் லின்னேயஸ் இதனை முதலில் விவரித்தார். பேரினப் பெயர், இம்மீனைக் குறிக்கும் 'கட்சுவோ' என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்தில் இது பலயா எனப்படுகின்றது. வணிக முதன்மை பெற்ற சூரை இனங்களின் உலகப் பிடிப்பில் பாதிக்கு மேல் இந்த ஓர் இனமே ஆகும்.

உடலமைப்பும் வாழ்வும்

முதுகு கருநீல நிறமும் வயிறு வெள்ளி நிறமும் கொண்டது. வயிற்றுப் பக்கத்தில் நீளவாக்கில் 4 முதல் 6 வரை கரிய வரிகள் காணப்படும். கரையோரங்களில் மிகுதியாகக் கிடைக்கும் சாதாரண சூரைக்கு வரிகள் முதுகில் இருப்பதால், இரண்டையும் எளிதில் வேறுபடுத்தி அறியலாம். பொதுவாக 80 செ.மீ. நீளத்திற்கு உட்பட்டே பிடிபடுகின்றது. ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது.

இதற்குக் காற்றுப்பை இல்லை. எனவே நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும். வாயைத் திறந்தபடி முன்னோக்கி விரையும்போதே செவுள்களுக்கு நீர் கிடைப்பதால், மூச்சுவிடுவதற்கும் ஓயாது நீந்த வேண்டியுள்ளது. இந்த உழைப்பில் தசைகளில் உண்டாகும் வெப்பம் வீணாவதில்லை. எதிரெதிர்த் திசையில் குருதி ஓடும் நுண்குழாய்கள் அதனை உடலினுள்ளேயே தக்கவைத்து, உடலைச் சூழ்ந்துள்ள நீரை விட வெப்பமாக வைத்திருக்கின்றன.

நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஓரிரு ஆண்டுகளிலேயே முதிர்ச்சி அடைந்துவிடுவதால் பெரிய சூரை இனங்களை விட மீன்பிடிப்பைத் தாங்கும் ஆற்றல் இதற்கு மிகுதி.

மீன்பிடிப்பு

மாலைத்தீவில் இதனைத் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதே மரபு. உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசிக் கூட்டத்தைப் படகருகே ஈர்ப்பர். தூண்டில் முள்ளில் எதிர்முனை இல்லாததால் மீன் படகில் விழும்போதே தானாகக் கழன்றுவிடும். பிடித்த மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போல் இறுகும்வரை வெயிலில் உலர்த்துவர். இதுவே இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலைத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதாவும் இவ்வுணவைப் பற்றி எழுதியுள்ளார்.

தகரத்தில் அடைக்கப்படும் மீனின் பெரும்பகுதி வேறு வழியில் பிடிபடுகின்றது. மிதக்கும் பொருட்களின் கீழ் மீன்கள் கூடும் இயல்பைப் பயன்படுத்திச் செயற்கை மிதவைகளைக் கடலில் விட்டு, பெரிய கப்பல்கள் சுருக்குமடி வலையால் வளைத்துக்கொள்கின்றன. அதே மிதவைகளின் கீழ் மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை ஆகியவற்றின் குஞ்சுகளும் திரள்கின்றன. மெதுவாக முதிரும் அவ்வினங்களுக்கே இம்முறையால் இழப்பு அதிகம்.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2016 இல் வரிச் சூரைக்கான பிடிப்பு விதியை ஏற்றது. அதன்படி 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 4,70,000 டன் என வரம்பு வகுக்கப்பட்டது. ஆயினும் அது நாடுவாரியாகப் பங்கிடப்படவில்லை. முதல் ஆண்டிலேயே பிடிப்பு வரம்பை மீறியது.