கல்லில் நின்ற உடன்பிறப்பு

தாய் தந்தையர் நமக்கு முன்னே செல்வர். மனைவி மக்கள் பின்னே வருவர். தொட்டில் தொட்டு முதுமை வரை நம்மை அறிந்திருப்பவர் உடன்பிறந்தாரே. இவ்வுண்மைக்குத் தஞ்சைப் பெருங்கோயிலின் கல்லெழுத்து ஒன்றே போதிய சான்றாகும்.

சுந்தர சோழனின் மக்களாக நாம் அறிவது மூவரை. அவருள் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். தந்தை காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் துறந்தான். தாய் வானவன்மாதேவியும் அவனோடு தீப்புகுந்தாள். எஞ்சி நின்றோர் குந்தவைப் பிராட்டியாரும் அவர் தம்பி அருள்மொழியுமே. சிறிய தந்தை முறையினனான உத்தம சோழனுக்குப்பின், 985ஆம் ஆண்டில் முடிசூடிய அத்தம்பியே முதலாம் இராசராசன். தமையனைக் கொன்றாரின் உடைமைகள் பறிக்கப்பட்டமையை, அவனது 2ஆம் ஆட்சியாண்டுக்குரிய உடையார்குடிச் சாசனம் கூறுகின்றது. மாண்ட தமையனை அவன் மறந்தானல்லன்.

இருக்கும் தமக்கையை எவ்வாறு போற்றினான்? குந்தவையார் வல்லவரையன் வந்தியத்தேவனின் மனைவியார். பிறர் குடி புகுந்தவர். ஆயினும் தம்பி தன் மகளுக்குக் குந்தவை என்றே பெயரிட்டான். தமக்கையாரும் இராசராசபுரத்தில், அதாவது இன்றைய தாதாபுரத்தில், சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில் எடுப்பித்தார். சிவன் கோயிலுக்கு இரவிகுலமாணிக்கம் என்னும் தம்பியின் விருதுப்பெயர் அமைந்தது.

பெருங்கோயில் விமானத்தின் உச்சிக்குடம், அரசனின் 25ஆம் ஆட்சியாண்டில், 1010ஆம் ஆண்டிலே அளிக்கப்பட்டது. அடுத்த ஆட்சியாண்டில் கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டவன், முதலில் தன் கொடையையும், அடுத்துத் தமக்கையின் கொடையையும், அதன்பின்னரே தன் தேவியரின் கொடையையும் வைத்தான். அங்கே அவளைக் குறிக்கும் சொல் பட்டப்பெயரன்று. 'அக்கன்' என்னும் வீட்டுச் சொல்லே. பேரரசன் வாயிலும் அக்கை அக்கையாகவே இருந்தாள். அக்கோயிலிற் குந்தவையார் எழுந்தருளுவித்த திருமேனிகளுள் பெற்றோரின் படிமங்களும் இருந்தன. இருவரையும் பிணைத்த நினைவு எதுவென்பதை இது காட்டும்.

இனி, நம் ஊர்களை நோக்குவோம். தங்கையின் சீதனத்துக்காகத் தன் மணத்தை ஆண்டுக்கணக்கிற் பின்போட்ட தமையன்மாரை நாம் அறிவோம். தம்பியின் படிப்புக்காகத் தன் காப்பை ஈடுவைத்த தமக்கைமாரையும் அறிவோம். அதே வீடுகளிற் பெற்றோர் கண்மூடியதும், ஒருமுழ வேலிக்காக நீதிமன்றப் படியேறுவோரையும் காண்கின்றோம். இன்று உடன்பிறந்தார் பல நாடுகளிற் சிதறி வாழ்கின்றனர். காணி உறுதியைப் பற்றியன்றி வேறு பேச்சில்லாத குடும்பங்களும் உள.

இளைஞர்களே! சோழப் பேரரசு மறைந்தது. அதன் பொன்மாளிகையும் மறைந்தது. அக்கைக்குத் தம்பி அளித்த இடமோ, ஆயிரம் ஆண்டு கடந்தும் கல்லில் நிற்கின்றது. நம் உடன்பிறந்தாருக்கு நாம் அளிக்கும் இடம் யாது? கல்லில் வெட்ட வேண்டா. நெஞ்சில் வைத்தால் அமையும்.