மரியன் மொட்லி: பாதை வெட்டியவருக்குக் கதிரை இல்லை

அமெரிக்க விளையாட்டில் நிறத்தடையை உடைத்தவர் ஆர் எண்டு கேட்டால் கனபேர் சொல்லுற பெயர் ஜாக்கி ரொபின்சன். 1947 ஏப்ரலில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணிக்காக அவர் களமிறங்கினது பெரிய விசயம்தான். ஆனால் அதுக்கு முந்தின வருசமே தொழில்முறை அமெரிக்கன் புட்போலில் நாலு கறுப்பினத்தவர் உள்ளே வந்துவிட்டார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் கெனி வொஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும். கிளீவ்லாந்து பிரவுண்ஸ் அணியில் பில் வில்லிஸும் மரியன் மொட்லியும். நாங்கள் இங்கே பேசப்போறது மொட்லியைப் பற்றி.

அவர் விளையாடின இடத்துக்குப் பெயர் 'புல்பக்'. இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுறம். பந்தை எறியிற குவாட்டர்பக்தான் அணியின் ராசா. அவருக்குப் பின்னால் நிற்கிற புல்பக்குக்கு மூன்று வேலை. எதிரணி நெருக்கியடிச்சு நிற்கிற நடுப்பகுதியைப் பந்தோடு பிளந்துகொண்டு ஓடவேணும். மற்றவர் ஓடும்போது முன்னால் போய் இடிச்சு வழி எடுத்துக் கொடுக்கவேணும். குவாட்டர்பக்கை விழுத்த வாறவனை இடையிலேயே மறிக்கவேணும். முதல் வேலைக்குக் கைதட்டல் கிடைக்கும். மற்ற ரெண்டையும் ஆரும் கணக்கில் எழுதுறதில்லை.

மொட்லி 1920 இல் ஜோர்ஜியாவில் பிறந்தவர். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரில். அவர் இளைஞனாக இருந்த காலத்தில் தேசிய புட்போல் லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. 1920களில் சிலர் விளையாடியிருந்தார்கள். ஆனால் 1934 தொடக்கம் 1945 வரை, 12 பருவங்கள், ஒருத்தரும் இல்லை. எழுத்தில் அப்பிடி ஒரு விதி கிடையாது. எழுதாமலே எல்லா அணியும் கடைப்பிடித்தன.

போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சி நிலையத்தின் அணிக்கு மொட்லி விளையாடினார். அங்கே பயிற்றுநர் போல் பிரவுண். போர் முடிஞ்சதும் மொட்லி உருக்காலை வேலைக்குத் திரும்பினார். பிரவுண் புது லீக் ஒன்றில் கிளீவ்லாந்து அணியைக் கட்டத் தொடங்கினார். மொட்லி வாய்ப்புக் கேட்டபோது முதலில் இல்லை எண்டுதான் பதில் வந்தது. பில் வில்லிஸைச் சேர்த்த பிறகுதான், 1946 ஓகஸ்டில், மொட்லிக்கும் அழைப்புப் போனது. வில்லிஸோடு அறையில் தங்க ஒரு கறுப்பினத்தவர் தேவைப்பட்டதால்தான் அவரைக் கூப்பிட்டார்கள் எண்டும் சொல்லுவார்கள். அந்தக் காரணம் உண்மையோ இல்லையோ, களத்தில் இறங்கின பிறகு அவரை வெளியில் விட ஆருக்கும் மனம் வரேல்லை. 105 கிலோவுக்கு மேல் எடை. அதோடு ஓட்டக்காரனின் வேகம்.

முதல் பருவத்திலேயே மயாமிக்குப் போகவேண்டிய ஆட்டம் வந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடுறதை புளோரிடாச் சட்டம் தடுத்தது. மிரட்டல் கடிதங்களும் வந்தன. மொட்லியும் வில்லிஸும் அந்தப் பயணத்தில் போகேல்லை. மற்ற ஊர்களில், விழுந்து கிடக்கும்போது எதிரணிக்காரர் ஆணிச் சப்பாத்தால் அவர்களின் கைகளை மிதித்தார்கள். திருப்பி அடிக்கக்கூடாது எண்டு பிரவுண் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பொறுத்தார்கள், பொறுத்துக்கொண்டே வென்றார்கள்.

1946 தொடக்கம் 1949 வரை அந்த லீக்கின் நாலு கிண்ணமும் பிரவுண்ஸுக்குத்தான். பிறகு லீக் கலைய, 1950 இல் அணி தேசிய புட்போல் லீக்குக்கு மாறி, முதல் வருசமே அங்கேயும் வென்றது. அந்தப் பருவத்தில் 810 யார்ட் ஓடி முழு லீக்கிலும் முதலாவதாக வந்தவர் 30 வயது மொட்லி. 1950 ஒக்டோபர் 29 அன்று பிற்ஸ்பேர்க் அணிக்கு எதிராகப் பந்தைத் தூக்கினது 11 தரம்தான்; ஓடினது 188 யார்ட்.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கவேணும். பிற்காலத்தில் அதே பிரவுண்ஸில், அதே புல்பக் இடத்தில் ஜிம் பிரவுண் விளையாடினார். ஒன்பது பருவங்களில் 2,359 தரம் பந்து அவருக்குக் கிடைத்தது. ஒரு தரத்துக்குச் சராசரி 5.2 யார்ட். மொட்லிக்கும் ஒன்பது பருவங்கள். கடைசிப் பருவம் பிற்ஸ்பேர்க்கில், முழங்கால் பழுதான பிறகு. அவருக்குப் பந்து கிடைத்தது 828 தரம். சராசரி 5.7. மிச்ச நேரமெல்லாம் என்ன செய்தார்? குவாட்டர்பக் ஒட்டோ கிரஹாமின் உடம்பில் அடி படாமல் மறித்துக்கொண்டிருந்தார். கூடவே தடுப்பாட்டத்திலும் இறங்கினார். கிரஹாம் எறிஞ்ச ஒவ்வொரு பந்துக்குப் பின்னாலும் மொட்லி வாங்கின ஒரு இடி இருக்கு எண்டு சொன்னால் மிகையில்லை.

சரி, விளையாட்டு முடிஞ்ச பிறகு? ஆட்டத்தை இவ்வளவு விளங்கின ஒருவர் பயிற்றுநராகப் போவார் எண்டுதானே நினைப்பம். மொட்லியும் அதைத்தான் விரும்பினார், பிரவுண்ஸிடம் கேட்டார். கிடைக்கேல்லை. அதே உடைமாற்றும் அறையில் அவரோடு இருந்த வெள்ளையர்களைப் பாருங்கோ. டொன் ஷூலா 1963 இல் பால்ரிமோர் அணியின் தலைமைப் பயிற்றுநர். ஒட்டோ கிரஹாம் 1966 இல் வொஷிங்டனில். சக் நோல் 1969 இல் பிற்ஸ்பேர்க்கில். மொட்லி? தபாற்கந்தோரில் வேலை செய்தார், வேறு வேறு தொழில் பார்த்தார். 1967 இல் கிளீவ்லாந்தில் பெண்கள் புட்போல் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தார்.

1968 இல் தொழில்முறை புட்போலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த மதிப்பைப் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். மண்டபம் இருக்கிறது அவர் வளர்ந்த கன்ரனிலேயே. சிலை வைக்க ஆயத்தமாக இருந்தார்கள். ஆனால் முடிவெடுக்கிற கதிரை வேறு.

1920களில் பிரிட்ஸ் பொலார்ட் அணிகளை நடத்தியிருந்தார். அதுக்குப் பிறகு இந்த லீக்கில் இன்னொரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்றுநராக வந்தது 1989 இல்: ரெய்டர்ஸ் அணியின் ஆர்ட் ஷெல். மொட்லி களமிறங்கி அப்ப 43 வருசம். அதை உயிரோடு இருந்து பார்த்தார். 1999 இல் இறந்தார்.

ஒரு அமைப்பு 'எங்களிடம் எல்லாரும் இருக்கினம்' எண்டு சொல்லும்போது, ஓடுறவர்களை மட்டும் எண்ணினால் போதாது. ஆர் விளையாடுறது எண்டு தீர்மானிக்கிற இடத்தில் ஆர் இருக்கினம் எண்டும் கேக்கவேணும். மொட்லி முதலாவதைச் செய்துகாட்டி முடித்திருந்தார். ரெண்டாவதைக் கேட்டபோது மறுமொழி இல்லை எண்டுதான் வந்தது.