அலங்கார அல்லியம்

அலங்கார அல்லியம் என்பது, வெங்காயமும் பூண்டும் அடங்கிய அல்லியம் பேரினத்தில் உணவுக்காக அன்றிப் பூவுக்காக வளர்க்கப்படும் செடிகளின் பொதுப்பெயர். இலையற்ற நெடிய தண்டின் உச்சியில் ஏராளமான சிறுபூக்கள் கூடி உருண்டையாக நிற்கும் பூங்கொத்து இவற்றின் அடையாளம். குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் டூலிப் பூக்கள் முடிந்து ரோஜா மலரத் தொடங்கும் இடைவெளியை, அதாவது மே, ஜூன் மாதங்களை, இவை நிறைக்கின்றன. பெயர் பெற்ற பெரிய பூ வகைகளில் பல நடு ஆசிய, மேற்காசிய மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். வசந்தத்தில் மண் ஈரமாகும். கோடையில் நிலம் காய்ந்துவிடும். நடும் மாதம், மண்ணின் தன்மை, நீர் நிறுத்தும் காலம் என இவற்றின் வளர்ப்பு முறை முழுவதும் அந்தப் பருவச் சுழற்சியை ஒட்டியே அமைகிறது.

வகைப்பாடும் பரவலும்

அல்லியம் என்ற பேரினத்தை லின்னேயசு 1753-இல் வெளியிட்டார். நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம், இன்று அமரில்லிடேசியே குடும்பத்தில் வைக்கப்படுகிறது. 900-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. ஏறக்குறைய அனைத்தும் வட அரைக்கோளத்தில் இயற்கையாக வளர்பவை. மத்தியதரைக் கடற்கரை முதல் துருக்கி, ஈரான், ஆப்கானித்தான் வழியாக நடு ஆசியா வரையுள்ள நிலப்பகுதியில் இனங்களின் செறிவு மிகுதி. இமயமலைக்கும் தனி இனங்கள் உண்டு.

இந்தச் செடிகளை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியதில் செயின்ட் பீட்டர்சுபர்க் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த எட்வர்ட் ரேகலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1875-இல் அவர் அல்லியம் பேரினம் குறித்துத் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய மகன் ஆல்பர்ட் ரேகல் துருக்கித்தான் பகுதியில் பயணம் செய்து செடிகளைத் திரட்டி அனுப்பினார். இன்று தோட்டங்களில் மிக உயரமான அல்லியங்களுள் ஒன்றான அல்லியம் ஜைகான்டியத்தை எட்வர்ட் ரேகல் 1883-இல் விவரித்தார். பிற்காலத்தில் கிழங்குகளைப் பெருக்கி உலகச் சந்தைக்கு அனுப்பும் தொழிலில் நெதர்லாந்து முதலிடம் பெற்றது. கலப்பின வகைகள் பலவும் அங்கேயே உருவாயின.

செடியின் அமைப்பு

மண்ணுக்குள் இருப்பது குமிழ்த்தண்டு. தோட்டக்காரர்கள் அதைக் கிழங்கு என்பார்கள். வெங்காயத்தைப் போலவே சதைப்பற்றுள்ள செதில்களால் ஆன அது செடியின் உணவுக் கிடங்கு. இலைகள் அடியிலிருந்தே எழும். சில இனங்களில் வெங்காயத்தாள் போல உருண்டும், பெரிய பூ இனங்களில் பட்டையாக அகன்றும் இருக்கும். பூமொட்டுகள் மெல்லிய மடல் ஒன்றுக்குள் அடங்கியிருந்து, மடல் கிழிந்ததும் குடைமஞ்சரியாக விரியும். ஒவ்வொரு சிறுபூவுக்கும் ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் உண்டு. காய் முற்றியதும் கறுப்பு விதைகள் வெளிப்படும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் இப்பூக்களைத் தேடி வருகின்றன.

இலையைக் கசக்கினால் வெங்காய நெடி எழும். கந்தகச் சேர்மங்களும் அவற்றைச் சிதைக்கும் நொதியும் உயிரணுவுக்குள் தனித்தனியே இருக்கின்றன. திசு நசுங்கும்போது இரண்டும் கலந்து நெடியை உண்டாக்குகின்றன. மான், முயல் போன்ற விலங்குகள் இச்செடிகளைப் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

முக்கிய இனங்களும் வகைகளும்

அல்லியம் ஜைகான்டியம்: ஒன்றரை மீட்டர் வரை உயரும் தண்டு, ஊதா நிற உருண்டை. பூத்தண்டு முற்றும் முன்பே இலைகள் பழுக்கத் தொடங்கிவிடும்.

அல்லியம் கிறிஸ்டோபி: தண்டு அரை மீட்டர் அளவே, பூங்கொத்தோ 20 செ.மீ. அகலம் வரை விரியும். விண்மீன் வடிவச் சிறுபூக்கள் உலோக மினுக்கம் கொண்டவை. உலர்ந்த பின்னும் உருக்குலையாமல் பல வாரம் நிற்கும்.

அல்லியம் கரட்டாவியன்சே: கசகசுத்தானின் கரட்டாவ் மலையின் பெயரைத் தாங்கிய குட்டை இனம். அகன்ற சாம்பல் பச்சை இலைகளுக்காகவே பலர் இதை வளர்க்கிறார்கள். தொட்டிக்கு ஏற்றது.

அல்லியம் சூபர்ட்டி: பூக்காம்புகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறுபட்டுச் சிதறி நிற்பதால், வாணவெடி வானில் விரிந்தது போன்ற தோற்றம் உண்டாகும். கிழக்கு மத்தியதரைப் பகுதியில் காய்ந்த பூங்கொத்து தண்டிலிருந்து பிரிந்து, காற்றில் உருண்டோடி விதைகளைச் சிந்துகிறது.

அல்லியம் சிருலியம், அல்லியம் மோலி: முன்னது நீலப்பூ, பின்னது மஞ்சள் பூ. இரண்டும் சிறிய கிழங்குகள். கூட்டமாக நட்டால்தான் அழகு தெரியும்.

அல்லியம் ஸ்பேரோசெபலான்: ஜூலை மாதத்தில் பூக்கும் ஐரோப்பிய இனம். முட்டை வடிவ மொட்டு பச்சையாகத் தோன்றி உச்சியிலிருந்து கருஞ்சிவப்பாக மாறும்.

வளர்ப்பு வகைகளில் ‘பர்ப்பிள் சென்சேஷன்’ மிகப் பரவலானது, விலையும் குறைவு. ‘குளோப்மாஸ்டர்’ மலட்டுக் கலப்பினம். விதை பிடிக்காததால் அதன் பூ நெடுநாள் வாடாமல் நிற்கும். ‘மில்லெனியம்’ கோடை நடுவில் பூக்கும் புதர் வகை. அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் 2018-ஆம் ஆண்டின் செடியாக அதைத் தேர்ந்தது.

நடவும் பராமரிப்பும்

கிழங்குகள் இலையுதிர் காலத்தில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நடப்படுகின்றன. மண் உறைவதற்குள் வேர் இறங்கிவிட வேண்டும். அதன்பின் வரும் பல வாரக் குளிர்தான் பூத்தண்டு சரியாக நீள வழிசெய்கிறது. இந்தக் குளிர் கிடைக்காத கிழங்கு இலை மட்டும் விட்டு நின்றுவிடலாம்.

வாங்கும்போது கிழங்கைக் கையில் அழுத்திப் பார்ப்பது நல்லது. கெட்டியாகவும் பூஞ்சணம் இல்லாமலும் இருப்பதே தேவை. நடும் குழியின் ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு இருக்கவேண்டும். பெரிய கிழங்குகளுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழமும் 20 முதல் 30 செ.மீ. இடைவெளியும் பொருந்தும், சிறியவற்றுக்கு 7 முதல் 10 செ.மீ. ஆழமும் அதே அளவு இடைவெளியும் போதும். மேலோட்டமாக நட்டால் தண்டு சாயும்.

நாள் முழுதும் வெயில் படும் இடமும் நீர் தேங்காத மண்ணும் இன்றியமையாதவை. களிமண் நிலத்தில் பருமணலோ சிறுகல்லோ கலந்து நடவேண்டும். ஈரம் தங்கினால் உறக்கத்தில் இருக்கும் கிழங்கு அழுகிவிடும். வசந்தத்தில் இலை வளரும்போது ஈரம் தேவை. வறட்சியாக இருந்தால் நீர் ஊற்றலாம். பூ முடிந்து இலை காய்ந்தபின் நீர் தேவையில்லை. மண் வளம் குறைந்த இடங்களில் வசந்தத் தொடக்கத்தில் பொட்டாசு மிகுந்த உரம் இடுவது வழக்கம்.

பூக்கும் நேரத்தில் இலை நுனிகள் மஞ்சளாவதைக் கண்டு நோய் என்று கருத வேண்டாம். வறண்ட கோடையை எதிர்பார்த்து, இலை தன் சத்தைக் கிழங்குக்கு அனுப்பிவிட்டு ஓய்கிறது. பச்சை இருக்கும்போதே இலையை வெட்டினால் அடுத்த ஆண்டின் பூ சிறுத்துவிடும். இந்தக் காய்ந்த இலைகளை மறைக்கவே, ஜெரேனியம், கேட்மின்ட், அலங்காரப் புற்கள் ஆகியவற்றின் நடுவே அல்லியத்தை நடுகிறார்கள். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் பார்ன்ஸ்லி ஹவுஸ் தோட்டத்தில் ரோஸ்மேரி வெரி அமைத்த நடைபாதை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மேலே லாபர்னம் மரங்களின் மஞ்சள் சரங்கள் தொங்க, கீழே இருபுறமும் ஊதா அல்லியங்கள் எழுந்து நிற்கும்.

இனப்பெருக்கம்

தாய்க்கிழங்கின் பக்கத்தில் உருவாகும் குட்டிக் கிழங்குகளை, செடி ஓய்ந்தபின் தோண்டிப் பிரித்து நடுவதே எளிய வழி. வளர்ப்பு வகைகளின் குணம் மாறாமல் இருக்கவும் இதுவே வழி. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பெரிய இனங்கள் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். விதை பரவுவதை விரும்பாதவர்கள் பூ வாடியதும் தலையைக் கிள்ளிவிட வேண்டும்.

நோய்களும் எச்சரிக்கைகளும்

வெள்ளை அழுகல் நோய் மிகக் கொடியது. இதன் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நோய் கண்ட இடத்தில் வெங்காய இனம் எதையும் மீண்டும் நடக்கூடாது. செடிக்கழிவைக் குப்பை உரக்குழியிலும் போடக்கூடாது. துருநோய், இலைப்பேன், இலையைத் துளைக்கும் அல்லியம் இலைத்துளைப்பான் ஈ ஆகியவையும் தாக்கும். இந்த ஈ வட அமெரிக்காவில் முதன்முதலாக 2015-இல் பென்சில்வேனியாவில் உறுதிசெய்யப்பட்டது. காய்கறிப் பாத்தியில் வெங்காயம் பயிரிடுவோர், அலங்கார அல்லியத்தையும் அதே நோய்களுக்கு இடம் தரும் செடியாகவே கருத வேண்டும்.

அல்லியங்கள் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. இவற்றின் கந்தகச் சேர்மங்கள் அந்த விலங்குகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. கிழங்குகளை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சில இனங்கள் கட்டுமீறிப் பரவும். முக்கோணத் தண்டுள்ள அல்லியம் டிரைக்வெட்ரத்தைக் காட்டில் நடுவது இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டப்படி குற்றம்.

வெப்ப நாடுகளில்

தமிழகச் சமவெளியில் குளிர் போதாமையால் நடு ஆசிய இனங்கள் நிலைப்பதில்லை. உதகை போன்ற மலையூர்களில் குளிர் இருந்தாலும், கிழங்கு உலர்ந்து உறங்க வேண்டிய ஜூன், ஜூலை மாதங்களிலேயே தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. இமயமலையின் அல்லியம் வாலிச்சி இதற்கு நேர்மாறானது. பருவமழையில் வளர்ந்து கோடை இறுதியில் ஊதாவாகப் பூக்கும் அந்த இனத்துக்கு ஈரமான மண்ணே ஏற்றது. ஆனால் அதுவும் மலைக்குளிருக்குப் பழகியது. வெயில் நாட்டுத் தொட்டியில் அல்லியப் பூ காண விரும்புவோருக்குப் பொருத்தமானது அல்லியம் டியூபரோசம் என்னும் பூண்டுத்தாள். நீள்குளிரை எதிர்பார்க்காத இச்செடி வெப்பமான ஆசிய நாடுகளிலும் வளர்கிறது. தூரைப் பிரித்து நடலாம். இலையைச் சமையலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம். கிள்ளாமல் விட்ட தூர்களில் வெள்ளை விண்மீன் பூக்கள் குடையாக விரியும்.