வாவியைக் கடந்த நெல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் வழங்குவர். முன்னையது வயல்வெளி, பின்னையது கடலுக்கும் வாவிக்கும் இடையே குடிசெறிந்து கிடக்கும் மணற்பரப்பு. மேற்கிலே மிகுந்த நெல் கிழக்கின் உலைக்கு வந்து சேர்தல் நெடுங்காலமாகத் தோணியையும் வணிகரையும் நம்பியே நிகழ்ந்தது. அரசு தன் பணத்தோடு இவ்விடைவெளியிற் பெருமளவிற் புகுந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும்.

அதற்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பங்கு பர்மா முதலிய நாடுகளிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 9ஆம் நாள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. பங்கிட நெல் வேண்டுமே! உள்நாட்டுக் கொள்வனவுத் திட்டத்தின்கீழ் உழவர் தம் நெல்லைக் குறித்த விலைக்கு அரசுக்கு விற்கக் கடமைப்பட்டனர். 1948இல் வந்த உத்தரவாத விலைத் திட்டத்தில் இக்கட்டாயம் இல்லை. கொண்டுவந்த நெல்லை வாங்கும் பொறுப்பை அரசு ஏற்றது.

இத்திட்டத்தின் உட்பொருளைக் கணக்கே காட்டும். 1952இல் புசல் நெல்லுக்கு 12 ரூபா. ஒரு புசல், ஏறத்தாழ 46 இறாத்தல். குற்றினால் 30 இறாத்தல் அரிசி, அதாவது 15 கொத்து. நெல்லின் விலை மட்டுமே கொத்துக்கு 80 சதம் ஆகின்றது. கூப்பனுக்கோ கொத்து 25 சதத்துக்கு வழங்கப்பட்டது. எஞ்சியதைத் திறைசேரி சுமந்தது. உழவனுக்குக் கூட்டியும் உண்போனுக்குக் குறைத்தும் கொடுத்த மானியம் இது. 1953 யூலையிற் கூப்பன் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டதும் ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். பின் விலை 55 சதமாயிற்று.

உண்போன் பெற்ற சலுகை இவ்வாறு வெளிப்படையாயிருக்க, உழவன் பெற்றது எவ்வளவு என்பது ஆராயத்தக்கது. உத்தரவாத விலை கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சிய வாயிலிற் கிடைப்பது. காய்ந்து தூற்றிய நெல்லும் சாக்கும் வண்டியும் உடையவனே அங்குச் செல்வான். விதைப்புக் காலத்திற் போடியாரிடம் முன்பணம் வாங்கிய குத்தகைக்காரனின் நெல் களவெட்டியிலேயே அளந்து கொடுக்கப்பட்டுவிடும். அந்நெல்லுக்குரிய 12 ரூபாவும் போடியாரையே சேர்ந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையை வரையறுக்க முனைந்தது. ஆயின் அச்சட்டத்துக்கு அஞ்சிய நிலக்காரரால் வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரரும் நாட்டிற் பலராவர்.

1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெற் சந்தைப்படுத்துஞ் சபை அமைந்தது. உலகத் தட்டுப்பாடு நிலவிய 1973, 74ஆம் ஆண்டுகளிற் பங்கீடு குறைந்தது. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லவும் தடை வந்தது. வயலுள்ளவன் உறவினனுக்குச் சுமந்து செல்லும் அரிசியும் சோதனைச் சாவடியில் விசாரணைக்கு உட்பட்டது. மிகுதியைத் தேவைக்குச் சேர்க்கவென எழுந்த ஏற்பாடு, மிகுதி தானாக நகர்வதைத் தடுத்ததென்பது வியப்பே.

1978 சனவரியிற் பங்கீடு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரிற் கூப்பன் நீங்கி உணவு முத்திரை வந்தது. முத்திரையிற் குறித்த ரூபா மாறாதிருக்க, கடையில் அரிசி விலை ஏறிச் சென்றது.