யூரியா மூடைக்குள் இருக்கும் எரிவாயு

வன்னியில் நான் வளர்ந்த காலத்தில் யூரியா சோதனைச்சாவடி தாண்டி வராத பொருள். தடைப்பட்டியலில் அதுவும் இருந்தது. அது எதிலிருந்து செய்யப்படுகிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை.

உலக யூரியாவின் பெரும்பகுதிக்கு மூலம் இயற்கை எரிவாயு. அதை நீராவியுடன் தாக்கமுறச்செய்து ஐதரசனைப் பெறுகிறார்கள். ஐதரசன் காற்றிலுள்ள நைதரசனுடன் சேர்ந்து அமோனியாவாகிறது. அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் யூரியா. ஆக, இந்த ஆலைக்கு வாயு வெறும் எரிபொருள் அல்ல, மூலப்பொருளும் அதுதான். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் போடுவதுபோல இதற்கு இலகுவான மாற்று இல்லை.

அதனால் தட்டுப்பாட்டில் யாருக்கு முதலில் வாயு என்ற விதி முக்கியமாகிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதிப்படி வீடுகள் பாதுகாக்கப்பட்ட நுகர்வோர்; பெருந்தொழிற்சாலைகள் பின்வரிசையில். ரஷ்ய வாயு குறைந்தபோது, 2022 ஜூன் 23 இல் ஜேர்மனி தனது அவசரத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தது. கட்டாயப் பங்கீடு வரவில்லை. அதற்கு முன்பே விலை ஆலைகளை முடக்கிவிட்டது. 1913 இல் தொழிற்சாலை அளவில் முதன்முதலாக அமோனியா தயாரித்த பிஏஎஸ்எஃப் நிறுவனம், லூட்விக்ஸ்ஹாபனிலுள்ள தனது இரு அமோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக 2023 பெப்ரவரியில் அறிவித்தது.

வீடுகளுக்கு முன்னுரிமை நியாயம்தான். ஆனால் அந்த வரிசையில் தூரதேசத்து வயல்கள் இல்லை. இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியபோது, வாயு விலையோடு யூரியா விலையும் எகிறியிருந்தது. எங்கள் கமக்காரருக்குத் தடை போனது, மூடை கிடைக்கவில்லை.

மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுக்கும் நாளில், மின்நிலையத்துக்கா உர ஆலைக்கா முதலில் என்று விதி எழுதுவார்கள். மன்னார் மீனவரிடமும் கமக்காரரிடமும் அதற்கு முன்னரே கேட்கவேண்டும்.