மலையக நீர்வண்ண நிலக்காட்சி

இலங்கை மலையகத்தின் ரொமாண்டிக் பாணி நீர்வண்ண ஓவியத்தில் பனிச்சிகரத்தின் வேலையை மூடுபனி செய்கிறது. உயரக்குறைவு இதற்குக் காரணமல்ல. ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் தீட்டிய சுவிட்சர்லாந்தின் ரிகி மலை 1,798 மீட்டர்தான். நுவரெலியாவின் பிதுருதலாகலையோ 2,524 மீட்டர். ஆனால் ரிகியில் குளிர்காலத்தில் வெண்பனி போர்த்தும். வெப்பமண்டல நுவரெலியாவில், ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிதான் மிச்சம். 1846இல் கொழும்பு அக்கடமிக்கு (இன்றைய ரோயல் கல்லூரி) ஓவியம் கற்பிக்க வந்த பெல்ஃபாஸ்ட்காரர் ஆண்ட்ரூ நிக்கோல் போன்றோர் ஐரோப்பியப் பழக்கத்தோடுதான் இங்கே தூரிகை பிடித்தார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட தாள். ஈரத்தாளில் நீலச்சாம்பல் கசிந்து நிற்குமிடத்தில் பள்ளத்தாக்கு கரைந்துவிடும். மூடுபனி அங்கே நிஜமாகவே இறங்குகிறதே, இதில் பாணி எங்கே என்று கேட்கலாம். இறங்குவது நிஜம், எந்தச் சரிவில் இறங்கவேண்டும் என்பது ஓவியரின் கையில். காடு வெட்டிய கோப்பித் தோட்டத்தையும், தென்னிந்தியாவிலிருந்து வந்து கால்நடையாக மலையேறிய தொழிலாளரின் லயங்களையும் (வரிசைக் குடியிருப்புகளையும்) அந்த வெள்ளைத்தாள் சுலபமாக விழுங்கிக்கொள்ளும்.